நான்காவது கேள்வி

"கம்பெனிய உன்ற பேர்லயே பதிஞ்சாச்சு புள்ள. இனிமே நீதான் மொதலாளி."

"அப்படீங்களா? அப்ப மொதலாளி ஒண்ணு கேட்டாத் தருவீங்களா?"

"கேளு. கம்மலா, சேலையா?"

"அதெல்லாம் இல்லீங்க." கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள், "இன்னொரு நாளைக்குக் கேக்கறனுங்க" என்றாள்.

அந்த இன்னொரு நாள் எட்டு வருஷமாக வரவில்லை.

கேட்டது வள்ளியாத்தாள். கேட்கச் சொன்னது அவள் கணவன் ஆத்தப்பன். அது 1961. எல்லாம் ஒரே பேரில் இருந்தால் வரி கூடும் என்று ஆடிட்டர் சொன்ன யோசனையின்படி, வேலம்பாளையம் ரோட்டில் இருந்த அவர்களுடைய பனியன் செட் 'வள்ளியாத்தாள் நிட்டிங்ஸ்' ஆயிற்று. அன்றைக்கு அவளுக்கு மூன்றாவது மாதம். செட் என்பது ஒரு தகரக் கொட்டகை; உள்ளே நாலே மிஷின். அவளும் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவசரமென்றால் பின்னாலிருந்த வேலிமுள் மறைவுக்குத்தான் ஓட வேண்டும். அதுவும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து. ஒரு கக்கூஸ் கட்டித் தாருங்கள் என்று கேட்க அவள் வாய் வரைக்கும் வந்தது. கல்யாணமான முதல் வருஷத்தில் புருஷனிடம் இதையா கேட்பது என்று வெட்கம் வந்து விழுங்கிவிட்டாள்.

குழந்தை பிறந்த பிறகு அவள் செட்டுக்குப் போகவில்லை. கோரிக்கை மட்டும் அங்கேயே நின்றது. நாலு மிஷின் பதினெட்டாயிற்று. பெண்கள் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். வேலிமுள்ளை வெட்டிவிட்டு அடுத்த கம்பெனிக்காரர் செட் போட்டுவிட்டார்.

எட்டாவது வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபுரா பீவி மேஜையிலேயே மயங்கி விழுந்தாள். பதினோரு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள். ஒரு காலத்தில் வள்ளியாத்தாளுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டியவள். ஞாயிற்றுக்கிழமை வள்ளியாத்தாள் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாருங்க சபுரா?"

"நீர்க்கடுப்பு முத்திப்போச்சாங்க்கா. இன்னொருக்கா இப்படி வந்தா கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிதானாமா. தண்ணி குடி, ஒரு நாளைக்கு ஆறு சொம்பு குடிங்கறாரு. குடிச்சுப்போட்டு எங்க போறதுன்னு அவரு சீட்டுல எழுதலீங்க." சபுரா சிரித்தாள். "காலைல ஏழு மணிக்கு உள்ள வந்தா சாயங்காலம் ஆறு வரைக்கும் நாங்க யாரும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்லீங்க்கா. ஆம்பளைங்களுக்கென்ன, செவுத்தோரம் போனாப் போதும்."

"அவருகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

சபுரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க்கா, நீங்க சொல்லீட்டீங்களா?"

வள்ளியாத்தாள் கொண்டுபோன சாத்துக்குடியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பனியன் உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டம் ஆத்தப்பன் வீட்டில் நடந்தது. அவன்தான் காரியதரிசி. அவன் கையெழுத்தை அவனாலேயே படிக்க முடியாது என்பதால், எஸ்.எஸ்.எல்.ஸி. படித்த வள்ளியாத்தாள்தான் தீர்மானப் புத்தகத்தை எட்டு வருஷமாகப் பிரதி எழுதி வந்தாள். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதி எழுதி அவளுக்குக் கையே பழகிப்போயிருந்தது.

அந்தச் சங்கத்தில் யாரும் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. தலைவர் ஈஸ்வரமூர்த்தி, "என்னங்க, சரிதானுங்களே?" என்பார். காப்பி வரும். எல்லோரும் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். சூடான காப்பியை வைத்துக்கொண்டு மறுத்துப் பேசிய மனிதர் இதுவரை ஒருவரும் இல்லை.

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் பெரியது. நகரசபை நாலு புதிய விதிகளைக் கொண்டுவர நினைத்து, ஒவ்வொரு கம்பெனி உரிமையாளருக்கும் ஒரு சீட்டு அனுப்பி, 'வேண்டும், வேண்டாம்' என்று கையெழுத்தோடு அபிப்பிராயம் கேட்டிருந்தது. எதற்கு எப்படி எழுத வேண்டும் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லத்தான் கூட்டம்.

"ஒண்ணு, ஸ்டேஷன் ரோட்டுக்குத் தார் போடறது" என்று படித்தார் ஈஸ்வரமூர்த்தி. "இது வேணுமுங்க. லாரி அச்சு முறியுது. ரெண்டு, தெருவுக்கு லைட்டு. வேணும். மூணு, சாயத் தண்ணியத் தெருச் சாக்கடைல உடக்கூடாதாமா."

"பின்ன அத எங்கீங்க உடறது? தலையிலயா?" என்றார் சாமியப்பன். சாயப் பட்டறைக்காரர்.

"அப்ப மூணு வேண்டாம். நாலு..." தலைவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். "அஞ்சு பொம்பளைங்களுக்கு மேல வேலை செய்யற எடத்துல, அவங்களுக்குன்னு கதவு வெச்ச கக்கூஸ் ஒண்ணு கட்டியாகணுமாம்."

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

"நல்லாருக்குதுங்க நாயம்! நாளைக்கு மெத்தையும் போடோணும்பாங்க."

"எடம் எங்கீங்க இருக்குது? அந்த எடத்துல ஒரு மிஷினப் போட்டாலும் பிரயோசனம்."

"அட, இத்தன வருசத்துல எந்தப் பொம்பளையாச்சும் வந்து கேட்டிருக்குதுங்களா?" என்று ஆத்தப்பனைப் பார்த்தார் தலைவர்.

"இல்லீங்க. ஒருத்தருமே கேக்கலீங்க" என்றான் ஆத்தப்பன். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

"அப்ப அதையே எழுதிக்குங்க. 'பெண் தொழிலாளர்களிடமிருந்து கோரிக்கை எதுவும் வராததால் நான்காவது விதி அவசியமற்றது.' என்னங்க, சரிதானுங்களே? காப்பி வரட்டும். அதுக்குள்ளார சீட்டுகள எடுங்க."

ஆத்தப்பன் நகரசபையிலிருந்து வந்த கட்டைப் பிரித்து, பேர் பேராக வாசித்தான். "பொன்னாத்தாள் ஹோசியரி."

யாரும் கை நீட்டவில்லை. அப்புறம் ஈஸ்வரமூர்த்தி, "அட, அது நம்ம கம்பெனி" என்று வாங்கிக்கொண்டார்.

"மருதம்மாள் டையிங்." சாமியப்பன் வாங்கிக்கொண்டார்.

"சுப்பாத்தாள் நிட்டிங்ஸ். வள்ளியாத்தாள் நிட்டிங்ஸ்..." ஆத்தப்பனின் குரல் இறங்கியது. பத்துச் சீட்டில் எட்டு, வீட்டுப் பெண்களின் பேரில் இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும், 'உரிமையாளர் தாமே நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்' என்று அச்சிட்டிருந்தது. ஊரிலிருந்த எல்லா ஆடிட்டர்களும் ஒரே யோசனையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"இதென்னுங்க ரோதனை!" என்றார் சாமியப்பன். "எங்கூட்டுக்காரிக்குப் பட்டறை அவ பேர்ல இருக்கறதே தெரியாதுங்க."

"தெரிய வேண்டியதில்லீங்க. நாமளே நிரப்பிப்போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கலாம். எங்க அவங்க படிச்சுப் பாக்கப் போறாங்க?" என்றார் தலைவர். "ஆத்தப்பா, உங்க ஊட்டம்மாகிட்ட மொதல்ல வாங்குங்க. ஏனுங்க, காப்பி இன்னும் வரலியே?"

காப்பி வரவில்லை. அடுப்படியில் டிகாக்‌ஷன் இறங்கி, பால் பொங்கி, பத்து டம்ளரும் தட்டில் வரிசையாக இருந்தன. வள்ளியாத்தாள் தட்டின் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. எட்டு வருஷமாக இந்தக் காப்பியைக் கொண்டுபோய் வைத்தது அவள்தான். வெளியே இருந்த பத்துப் பேர் மேலும் வந்த எரிச்சலைவிடத் தன் மேல் வந்த எரிச்சல்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஆத்தப்பன் சீட்டோடு உள்ளே வந்தான். நாலு கேள்விக்கும் எதிரே அவனே எழுதியிருந்தான். "இதுல ஒரு கையெழுத்துப் போடு புள்ள. அப்படியே காப்பியக் கொண்டா."

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். காப்பித் தட்டைத் தொடவில்லை. சீட்டோடு மட்டும் அவள் கூடத்து நிலைப்படியில் வந்து நின்றதும் பேச்சு நின்றது. அவள் அந்த நிலைப்படியைத் தாண்டிக் கூட்டத்தில் பேசியதே இல்லை.

"என்னம்மிணி, காப்பி?" என்றார் ஈஸ்வரமூர்த்தி, சிரிக்கப் பார்த்து.

"பொறகு தாரனுங்க. மொதல்ல ஒரு சமாச்சாரம்." அவள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "இந்தச் சீட்டுல உரிமையாளர்னு எம்பேரு போட்டிருக்குதுங்க. பதில நான் எழுதலீங்க."

"புள்ள, உள்ள போ. அப்புறம் பேசிக்கலாம்" என்றான் ஆத்தப்பன் மெதுவாக.

"எட்டு வருசமா அப்புறம்னுதான் இருந்தனுங்க. அதுக்குள்ள சபுரா விழுந்துட்டா." அவள் கணவனைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "அவ ஏன் விழுந்தான்னு தெரியுங்களா? பகலெல்லாம் தண்ணி குடிக்கறதில்லீங்க. நம்ம செட்டுல இருவத்திரண்டு பேரும் குடிக்கறதில்லீங்க. குடிச்சாப் போக எடம் வேணுமல்ல? வயித்துல புள்ளையோட நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்."

ஆத்தப்பன் முகம் மாறியது. "எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே புள்ள."

"நீங்களும் கேக்கலீங்க. அன்னிக்குக் கம்மலான்னு கேட்டீங்க, சேலையான்னு கேட்டீங்க."

சாமியப்பன் தன் கையிலிருந்த சீட்டை, அதிலிருந்த மனைவியின் பேரை, முதல் தடவையாகப் படிப்பவர் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

"கேக்காதவங்களுக்குத் தேவையே இல்லைன்னு எழுதச் சொன்னீங்க பாருங்க, அது தப்புங்க" என்றாள் வள்ளியாத்தாள், தலைவர் பக்கம் திரும்பி. "வெக்கத்துலயும் பயத்துலயும் வாய மூடிக்கிட்டிருக்கறது சம்மதம் இல்லீங்க. ஒரு கஷ்டத்த யாரு படறாங்களோ, அவங்களைக் கேக்காம எடுக்கற தீர்மானத்துக்கு ஏகமனதுன்னு பேரு வெக்கக் கூடாதுங்க. அதத் தெரிஞ்சும் பிரதி எழுதிக் குடுத்துட்டே இருந்தது என்ற தப்பு. இனி எழுத மாட்டேன்."

ஆத்தப்பன் அவள் கையிலிருந்த சீட்டைத் தானே வாங்கி, நான்காவது கேள்விக்கு எதிரே எழுதியிருந்த 'வேண்டாம்' என்பதை அடித்தான். பேனாவை அவளிடம் நீட்டினான்.

"அன்னிக்கு என்னமோ கேக்கறேன்னியே புள்ள. இப்பக் கேளு."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"கோரிக்கை வந்திருக்குதுன்னு புத்தகத்துல எழுதிக்குங்க. மொதலாளி கேக்கறனுங்க. நம்ம செட்டுப் பொம்பளைங்களுக்குக் கதவு வெச்ச கக்கூஸ் ஒண்ணு கட்டிக் குடுங்க."