கட்டிலுக்கடியில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

என் பெயர் இசக்கிராஜ். வயது இருபத்திரண்டு. அம்பத்தூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமையைப் போலீஸ் பறிமுதல் செய்துவிட்டது. மற்றபடி நலம்.

சங்கரன்கோவிலில் பேச்சி அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான். என் மடியில்தான் பாப்பாவை உட்கார வைக்க வேண்டும். அதற்காகவே கம்பெனியில் எட்டு வாரம் லீவு எடுக்காமல் ஒரு ஞாயிற்றை மிச்சம் பிடித்தேன். கட்டிலுக்கடியில் மடித்து வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் முறையாகத்தான் வந்தார். வாசலில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"மொதல்ல நீ என்னைச் சோதனை போடு தம்பி. நாங்களே கொண்டாந்து வச்சோம்னு நாளைக்குச் சொல்லக் கூடாதுல்ல."

போட்டேன். அவர் சட்டைப்பையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் இருந்தது.

"அது தூங்குறதுக்கு. உள்ளயே வை."

வாரண்டை வாங்கிப் பார்த்தேன். "வங்காள விரிகுடான்னு போட்டிருக்கே சார்?"

"அங்க தேடிட்டுத்தான் வர்றோம்."

அவர் பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கீழே இஸ்திரி போடும் சடையாண்டி அண்ணன் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் கிடைக்கவில்லை. சுவரில் பல்லி சொன்னது. அதையும் எழுதிக்கொண்டார்கள். 'ஞாயிறு ஒன்று, பிரிக்காதது' என்று மகஜர் போட்டு, டப்பாவில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்தார்கள்.

கோர்ட் எதிர் அறையில்தான் இருந்தது. நடைபாதை நீண்டுகொண்டே போனதால் போய்ச் சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

"வாரண்ட் கடலுக்கும்மா. சோதனையே செல்லாது" என்றேன்.

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைத் துடைத்தார். "சோதனை தப்புதான். ஆனா கெடச்சது கெடச்சதுதானே? சாட்சியமா எடுத்துக்கறேன்."

நான் மேஜையருகே போனேன். "புள்ள யார் மடியில உக்காரும்மா?"

"அதுக்குச் சட்டத்துல பதில் இல்லப்பா. பொருளைப் பாப்போம். டப்பாவத் தொறங்க."

திறந்தார்கள். கோர்ட் முழுக்க ஞாயிற்றுக்கிழமை பரவியது. எங்கோ கறி வதங்கும் மணம் வந்தது. இன்ஸ்பெக்டர் லுங்கியில் நின்றார்.

"ஐயோ, ஞாயித்துக்கெழமை! நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" மாஜிஸ்திரேட் அம்மா எழுந்தார்.

"அப்ப தீர்ப்பும்மா?"

"லீவு நாள்ல எவன்டா தீர்ப்பு கேப்பான்? கெளம்பு, கெளம்பு."

எல்லோரும் போய்விட்டார்கள். நானும் பஸ் ஏறிவிட்டேன். விழுப்புரம் தாண்டியாயிற்று. டப்பா மட்டும் கோர்ட் மேஜைமேல் திறந்தபடி இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், பாப்பாவுக்குக் காது குத்தி முடிகிறவரை தயவுசெய்து அதை மூடிவிடாதீர்கள்.