நான்காம் பக்கம்

பிரிண்டர் தட்டில் இருந்த தாள்களை வெண்டி மூன்றாம் முறையாக எண்ணினாள். பத்துதான் இருந்தன. பதினொன்று இருக்க வேண்டும். மூன்றுக்கு அடுத்து ஐந்து வந்தது. நான்காம் பக்கத்தைக் காணவில்லை.

முந்தின நாள் பள்ளி விட்டதும் அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, பேருந்து போய்விடுமே என்ற பதற்றத்தில் தாள்களை எடுக்காமலே ஓடியிருந்தாள். இப்போது குனிந்து இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தாள். பக்கத்திலிருந்த குப்பைக்கூடையைக் கிளறினாள்.

"என்ன வெண்டி, காலையிலேயே மெஷினோட சண்டையா?" பள்ளிப் பராமரிப்பாளர் டிரெவர் சாவிக்கொத்தை ஆட்டியபடி வந்தார். "ஜெயிக்க மாட்டே. நானே பத்து வருஷமா தோத்துக்கிட்டு இருக்கேன்."

"நேத்து சாயங்காலம் இங்க யாராவது வந்தாங்களா?"

"ஹாலி மட்டும்தான். ஆறு மணி வரைக்கும் இருந்துச்சு. ஏன், உன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

வெண்டிக்கு நாற்பத்தாறு வயது. பதினாறில் படிப்பை விட்டவள். பிஸ்கட் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பெட்டி அடுக்கிவிட்டு, அது மூடியபின் இங்கிலாந்தின் பர்ன்லி நகரிலுள்ள இந்தத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராகச் சேர்ந்தாள். இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் படிக்கிறாள். ஒரு குழந்தையை நான்கு வாரம் கவனித்து எழுத வேண்டும் என்பது இந்தப் பருவத்தின் பாடம். அவள் எழுதியது ஆறு வயது மேசியைப் பற்றி. கட்டுரையில் 'எம்' என்றுதான் இருந்தது. ஆசிரியைக்குப் பெயரே வைக்கவில்லை. ஆனால் மேசிக்கு ஒரே ஒரு வகுப்பு, அந்த வகுப்புக்கு ஒரே ஒரு ஆசிரியை, ஹாலி. நான்காம் பக்கத்தில் வெண்டி எழுதியிருந்தது இதுதான்: 'ஆசிரியை குரலை உயர்த்திய பதினான்கு முறையில் பன்னிரண்டு முறை எம் மேசைக்கடியில் போய் ஒளிந்தாள். அதன்பின் அன்று முழுவதும் பேசவில்லை.'

கட்டுரையை இன்று ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். கூடவே அனுப்பும் படிவத்தில் வகுப்பாசிரியை கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் இந்தப் பருவமே வீண்.

வகுப்பில் ஹாலி எப்போதும்போல் "குட்மார்னிங்" சொன்னாள், வெண்டியின் முகத்தைப் பார்க்காமல். வெளியே மழை கொட்டியதால் இடைவேளையிலும் குழந்தைகள் உள்ளேயே அடைந்து கிடந்தார்கள். முப்பது பேரின் இரைச்சல். வண்ணநீர் கொட்டியது. ஒருவன் இன்னொருவனின் ஷூவைச் சன்னல் வழியாக எறிந்தான். ஒவ்வொரு முறையும் வெண்டியின் தோள்கள் தாமாகவே இறுகின. இப்போது கத்துவாள், இப்போது கத்துவாள் என்று காத்திருந்தாள். ஹாலி கத்தவில்லை. மெல்லிய குரலில் பேசினாள். ஒருநாளும் இல்லாத அமைதி அது. தன் வேலை போய்விட்டது, எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பென்சில் சீவும்போது முனை இரண்டு முறை உடைந்தது.

மதியத்துக்குமேல் யாரோ அவள் சட்டையை இழுத்தார்கள்.

"மிஸ், என் பசை காஞ்சு போச்சு."

மேசி. அந்தக் குரலை வெண்டி கேட்டு ஒன்பது நாளாகியிருந்தது. நிமிர்ந்தபோது, தூரத்தில் ஹாலியும் கையிலிருந்த புத்தகத்தை மூடாமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டி அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டு புதுப் பசையைத் தேடினாள்.

மூன்றரைக்குக் கடைசிக் குழந்தையும் போனபின் ஹாலி தன் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பதினாலுன்னு போட்டிருக்கீங்க. எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"என் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு."

வெண்டி தன் படிவத்தை அந்தத் தாளின் அருகே வைத்தாள். "ஹாலி, நான் வேணா அந்தப் பக்கத்தை எடுத்துடறேன். மழுப்பி எழுதிக்கலாம். யாருக்கும்..." சொல்லும்போதே பசை கேட்டு வந்த குரல் காதில் விழுந்தது. நிறுத்தினாள். "இல்ல. என்னால எடுக்க முடியாது. நீங்க கையெழுத்துப் போடாட்டியும் பரவாயில்ல."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சு. உங்க முன்னாடி நான் எப்பவும் ஸ்கூல் பொண்ணு மாதிரிதான் நிப்பேன். கவனிச்சிருக்கீங்களா?"

ஹாலிக்கு இருபத்தாறு வயது. அவள் கண்ணோரம் சிவந்திருப்பதை வெண்டி அப்போதுதான் பார்த்தாள்.

"எனக்குப் பயம் இல்லைன்னு நினைச்சீங்களா? முப்பது பேரும் கை நழுவிப் போயிடுவாங்கன்னு தினம் காலையில கார்லயே பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். அப்புறம்தான் உள்ள வருவேன். வந்ததும் கத்துவேன். நேத்து இதைப் படிச்சிட்டு வீட்டுக்குப் போக முடியல." படிவத்தை இழுத்துக் கையெழுத்திட்டாள். பேனாவை அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்தது. "ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸஸ் டக்வொர்த்தும் போடணும். படிக்காம போட மாட்டாங்க. அடுத்த மாசம் என் வேலையை நிரந்தரமாக்கறதைப் பத்தி முடிவு பண்ணப்போறவங்களும் அவங்கதான்."

"அப்போ வேண்டாம், ஹாலி. அடுத்த பருவம் பார்த்துக்கறேன்."

"எழுந்திரிங்க. லேட்டாச்சுன்னா எனக்குத் தைரியம் போயிடும்."

தலைமையாசிரியை அறைக்குள் தொலைபேசியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியே, தப்புச் செய்த பிள்ளைகளை உட்காரவைக்கும் குட்டை பெஞ்சு. வேறு இடமில்லாமல் இருவரும் அதில் அமர்ந்தார்கள், முழங்கால்கள் மார்புவரை எழும்ப. பதினொரு பக்கங்களும் ஹாலியின் மடியில் இருந்தன. சுவர்க்கடிகாரம் நாலேகால் காட்டியது.

உள்ளே பேச்சு நின்றது. நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஹாலியின் ஜில்லிட்ட விரல்கள் வெண்டியின் கையைப் பிடித்துக்கொண்டன. இருவர் கண்ணெதிரிலும் கதவின் பித்தளைக் கைப்பிடி மெதுவாகக் கீழிறங்கியது.