உருகாத கோடு

1

"இந்த இடத்துல மட்டும் ஏன் கோடு போட்டிருக்காங்க?"

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கிதார் செய்யும் பட்டறையில், மேசைமேல் கிடந்த ஒன்றைக் காட்டிக் கேட்டாள். நல்ல கேள்விதான், கேட்ட இடம்தான் சரியில்லை. மரம் செதுக்குகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டு வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்து, "மெதுவாப் பேசு கண்ணு, சாயம் பூசுற பெரியவர் காதுல விழுந்துடப் போகுது" என்றார்.

வாசலைப் பார்த்த அந்தப் பார்வையிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. மற்றதில் பாதி கேட்டது, பாதி நானாகக் கட்டியது. எது எது என்று போகப்போகச் சொல்லிவிடுகிறேன். [உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கிதார் என்பது வெறும் மரமல்ல, அது

அடித்துவிட்டேன். மரம்தான். அதிலென்ன குறைச்சல்?

ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கான கிதார் இது. மேற்பலகை தட்டையாக இருக்காது; வயலின்போல நடுவில் மேடிட்டு ஓரத்தில் இறங்கும். அந்த மேட்டைப் பலகையை வளைத்துக் கொண்டுவருவதில்லை. தடித்த கட்டையிலிருந்து சுருள் சுருளாகச் சீவி எடுக்கிறார்கள். ஒரே கட்டையை நடுவில் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டியிருப்பதால், இடப்பக்க ரேகை கண்ணாடியில் பார்த்ததுபோல் வலப்பக்கத்திலும் ஓடும். முதுகுப் பலகையில் அலையலையாய் வரிகள். கிதாரைச் சாய்த்தால் அலை நகரும். நிமிர்த்தினால் திரும்பி வரும். நான் நாலைந்து தடவை சாய்த்துப் பார்த்தேன், குழந்தையைவிட மோசமாக.

பிறகு நிறம். நடுவில் தேன், தள்ளிப் போகப்போகச் செம்பழுப்பு, விளிம்பில் கறுப்பு. தேன் எங்கே முடிந்தது, கறுப்பு எங்கே தொடங்கியது என்று யாரும் விரல் வைத்துக் காட்டிவிடக் கூடாது. அதுதான் வேலையின் அழகு.

என் மகள் விரல் வைத்துக் காட்டிவிட்டாள்.

3

பட்டறையில் மூன்று பேர். செதுக்குகிறவர், கழுத்துப் பலகையில் சிப்பி பதிக்கும் அவர் மனைவி, அந்த அம்மாளின் அண்ணனான சாயக்காரர். துணியைச் சாயத்தில் நனைத்து, கையாலேயே தேய்த்து நிறம் ஏற்றுகிறவர். மகள் கேட்டபோது அவர் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். நல்லவேளை.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தார்:

"என்ன மாப்ளே, அடுத்த பலகையைச் செதுக்குறியா, தாலாட்டுறியா? ஒரு மாசமா அதே பலகை."

"உங்க சாயம் காயறதுக்குள்ள நான் இன்னொண்ணு செதுக்கிடுவேன் மச்சான்."

"ரெண்டு பேரும் வாயாலயே கிதார் செஞ்சு முடிச்சுட்டா, நான் சிப்பியை எங்க பதிக்கிறது?" என்றார் அந்த அம்மாள்.*

(* இந்த வரி என்னுடையதல்ல, அவரே சொன்னது. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

சாயக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளிக்கிழமை அறுவை என்று நாள் குறித்தாயிற்று. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாக் கோடும் உருகித்தான் தெரியும். ஓரத்தில் நிறம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றாலும், அவருக்கு அது பனியில் கரைந்த மாதிரி இருந்திருக்கும். பூசிவிட்டுத் திருப்தியோடு கையைத் துடைத்திருப்பார்.

"என் சாயத்துல எவனாவது ஒரு கோடு காட்டட்டும், அன்னைக்கே துணியைக் கீழ வச்சிடுறேன்" என்பது அவர் பல வருடமாக அடிக்கும் சவடால். கொஞ்ச நாளாக அதைச் சவடாலாகச் சொல்வதில்லையாம். மெதுவாகச் சொல்கிறாராம்.

அன்று திங்கள். புதன் காலை வார்னிஷ் ஏறிவிடும். ஏறிவிட்டால் அந்தக் கோட்டை யாராலும் தொட முடியாது. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான்.

4

இது அந்த அம்மாள் சொன்னது. அதனால் அப்படியே தருகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், பட்டறை தொடங்கிய புதிதில், சாயமே வேண்டாம், மரத்தின் நிறத்திலேயே வேண்டும் என்று ஒரு கலைஞர் கிதார் கேட்டிருந்தார். உடல் முழுவதும் ஒட்டி முடிந்தபின், ஓரத்தைக் கடைசியாகச் சீவும்போது உளி வழுக்கிற்று. விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இழைத்து எடுக்கலாமென்றால், பலகை ஏற்கெனவே மெலிவு; இன்னும் மெலிந்தால் கம்பிகளின் இழுப்பைத் தாங்காது. செதுக்குகிறவர் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் வந்தபோது கீறல் அடைக்கப்பட்டு, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு ஏறி, நடுவில் வெயில் விழுந்ததுபோல் கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. கிதார் கேட்டிருந்த கலைஞரும் வந்து நின்றிருந்தார்.

"என் கைதாங்க வழுக்கிடுச்சு. கீறினதை மூடத்தான் சாயம் பூசினேன். இவர் செதுக்கினதுல ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார் சாயக்காரர்.

அரைமணி நேரம் திட்டு. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கலைஞர் கடைசியில் கிதாரை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தார். அப்புறம் கீழே வைக்க மனசில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

செதுக்குகிறவர் அன்று வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை மறுநாள் சொல்லக் கூச்சம். வருடம் ஏற ஏறக் கூச்சமும் ஏறிற்று.

[இங்கே "நன்றி என்பது" என்று தொடங்கிய ஒரு பத்தி இருந்தது. எனக்கே அலுத்துவிட்டது.]

பொய்தானே என்பீர்கள். பொய்தான். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் கும்பிட்டு எழுகிற ஆள் நான். இந்த ஒன்றை மட்டும் எந்தத் தட்டில் வைப்பதென்று ஆண்டவனிடமே விட்டிருக்கிறேன்.

5

முடிவுக்கு மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் செதுக்குகிறவர் பக்குவமாக எடுத்துச் சொல்கிறார். சாயக்காரர் சிரித்தபடி துணியை மடித்து வைக்கிறார். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. மனிதருக்கு வெள்ளிக்கிழமை கண் அறுவை. இந்த வாரமா இதைச் சொல்வது?

இரண்டாவதில் வாங்க வருபவரிடம் செதுக்குகிறவர், "அது என் வேலை" என்கிறார். பழியை ஏற்ற மனிதருக்குப் பழியை ஏற்றே பதில். கணக்காக இருந்தது. ரொம்பக் கணக்காக இருந்ததால் கிழித்தேன்.

மூன்றாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவே: செவ்வாய் பிற்பகல், கண்ணைச் சோதிக்க அண்ணனைத் தங்கை அழைத்துப் போனார். புதன் காலை, வார்னிஷுக்கு முன், மகளோடு போய்ப் பார்த்தேன். கோடு இல்லை.

அவள் விரலை நீட்டிக்கொண்டு தேடினாள். தேன் போய்க்கொண்டே இருந்தது, எப்போது கறுத்தது என்றே தெரியவில்லை.

"எங்கேப்பா போச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

செதுக்குகிறவர் தலை நிமிரவில்லை. அவர் நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் செம்பழுப்பு.

இரண்டு மாதம் கழித்து, கண் தெளிந்த சாயக்காரர், வார்னிஷ் காய்ந்து கம்பி மாட்டிய அதே கிதாரைக் கையில் வாங்கி, அந்த ஓரத்தையே வெகுநேரம் பார்த்தார் என்று கேள்வி. பிறகு, "வா மாப்ளே, டீ குடிக்கலாம்" என்றாராம். அவருக்குத் தெரிந்ததா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

6

ஆகவே, செவ்வாய் பிற்பகல்.

பட்டறையில் செதுக்குகிறவர் மட்டும். மேசைமேல் கிதார். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் சாயத் துணியைத் தொட்டதில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. கை கொஞ்சம் அழுந்திவிட்டால் கோடு போய்த் திட்டு வரும். தன் இரண்டு மாத உழைப்பும் போகும், மச்சான் பெயரும் போகும். கையை இரண்டு தடவை கழுவிவிட்டார். பழந்துணி ஒன்றைச் சின்ன உருண்டையாகச் சுருட்டி, மச்சான் செய்வதுபோல் புறங்கையில் ஒற்றிப் பார்க்கிறார்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அவர் யாரும் பார்க்காமல் செய்ய நினைத்தது இது. நான் எழுதினால் நான் சாட்சி, படித்தால் நீங்களும். பார்க்க வேண்டியவன் ஒருவன் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் பார்த்ததை அவன் யாரிடமும் சொல்வதில்லை. எழுதுகிறவர்களுக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது.

இன்று ஒருநாள் பழகிக்கொள்கிறேன். நீங்களும் வாருங்கள், வெளியே நிற்போம். கதவை மெதுவாகச் சாத்துங்கள், கீல் சத்தம் போடும்.

உள்ளே, காய்ந்த சாயத்தை இளக்கும் ஸ்பிரிட் புட்டியின் மூடியைத் திருகுகிறார்.