பத்து நிமிடத் தையல்

இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது திரையில் கதாநாயகனுக்கு அம்மை போட்டது. உதட்டுச் சாயத்தால் ஒற்றி எடுத்ததுபோல முகமெல்லாம் சிவப்புப் பொட்டு. விடிந்தால் கல்லூரியில் சேர்க்கைக் கலந்தாய்வு, பையன் போர்வைக்குள் கிடந்து சொறிந்துகொள்கிறான். அரங்கமே குலுங்கியது. ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்த வாயைப் பாதியில் மூடிக்கொண்டார்.

மாடிவீட்டுத் தம்பி வசனம் எழுதிய முதல் படம் அது. தையல்காரர் வீட்டுக்கு நேர் மேலே ஒற்றை அறையில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறான். நகைச்சுவை எழுதுகிறவன் என்று பெயரே தவிர, அவன் பல் தெரியச் சிரித்து தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஒரு வரிசை முழுவதையும் தெருக்காரர்களுக்காக எடுத்துக் கொடுத்திருந்தான். ஓசி டிக்கெட் என்றதும் தெருவில் இருந்த முதுகுவலி, முழங்கால்வலி எல்லாம் ஒரே நாளில் குணமாகிவிட்டன. வரிசையின் ஓரத்தில் தையல்காரரின் மகள், பக்கத்தில் அவர், அவருக்கு அந்தப்பக்கம் மனைவி. மனைவிக்கு அடுத்து மளிகைக்கடை அக்கா. யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விருந்தாளி என்பதை வாங்குகிற சாமானை வைத்தே சொல்லிவிடக்கூடியவள். தையல்காரருக்கு ‘இன்ச் டேப்’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். எதிரே வருகிறவரின் தோளையும் இடுப்பையும் கண்ணாலேயே அளந்துவிடுவார். அக்காவுக்கு இடுப்பில் இரண்டு அங்குலம் கூடியிருப்பதை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதால் ஆறு மாதம் அவளுடைய துணி வேறு கடைக்குப் போயிற்று.

திரையில் பையனின் அப்பா அவனுக்குப் பதிலாகக் கலந்தாய்வுக்குக் கிளம்பினார். கையில் சான்றிதழ் கோப்பு, மகன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். வாசலில் நின்று சட்டைக் காலரைத் திருப்பி, அதன் அடியில் நூல் கோத்த ஊசி ஒன்றைச் செருகிக்கொண்டார்.

“ஏ, நம்ம இன்ச் டேப்பு,” என்று அக்கா சத்தமாகச் சொன்னாள். வரிசை முழுவதும் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தது. ஒருவர் எட்டி அவருடைய காலரையே தூக்கிக் காட்டினார். ஊசி அங்கேதான் இருந்தது, கறுப்பு நூலோடு. அவரை அறிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

மகளும் சிரித்தாள். “அப்பா, உன்னைப் படத்துல போட்டுட்டாங்க.”

“தலைய வலிக்குது பாப்பா. போலாமா?”

“இப்பத்தானே காமெடியே ஆரம்பிச்சுது.”

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அம்மை போட்டது அவளுக்குத்தான். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரே பிடிவாதம். தெருநாய்க்குக் காலில் கட்டுப் போட அப்பா கடையின் வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். நுழைவுத் தேர்வு எழுதி, தரவரிசையில் நானூற்றுப் பன்னிரண்டாவது எண் வந்தது. கிடைக்கும், அல்லது மயிரிழையில் போகும் என்கிற எண். அவர் அனுமதிக் கடிதத்தோடு போய், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார். “நமக்கு முந்தின நம்பரோட சீட்டு தீந்துடுச்சு பாப்பா,” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் விடவில்லை. ஒரே ஒரு எண்ணில் போயிற்று என்றால் ஒரே ஒரு கேள்வியில் போயிற்று என்று அர்த்தம். அது எந்தக் கேள்வி என்பதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். மாட்டின் இரைப்பையில் உள்ள நான்கு அறைகளில் உண்மையான இரைப்பை எது? நாலாவது என்று சரியாகக் குறித்துவிட்டு, கடைசி நேரத்தில் குழம்பி, அடித்துவிட்டு முதல் அறை என்று மாற்றியிருந்தாள். “நாலாவதுன்னு போட்டிருந்தேன்ப்பா. என் கையாலயே அடிச்சேன்.” சாப்பிடும்போது சொன்னாள், பல் துலக்கும்போது சொன்னாள். அடுத்த வருடம் மறுபடி எழுதியபோது, எதைக் குறித்தாலும் அது தப்பாகத்தான் இருக்கும் என்ற பயத்தில் பாதியை விட்டுவிட்டு வந்தாள். எண் ஆயிரத்தைத் தாண்டியது. இப்போது பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள நகல் கடையில் வேலை. சேர்க்கைக் காலத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. மற்ற பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடியில் கவிழ்த்துவைத்து, மூடியை அழுத்தி, பச்சை வெளிச்சம் ஓடி முடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்பாவோ, “தப்பு பண்ணாத மனுசன் யாரு, விடும்மா,” என்று அவள் தலையைத் தடவிக்கொடுப்பார். இரண்டு வருடமாகத் தடவிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

திரையில் அந்த அப்பா காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைந்தார். தையல்காரர் சட்டென்று மகள் பக்கம் சாய்ந்தார்.

“பாப்பா, தொண்டை காயுது. ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாயேன்.”

“இன்டர்வெல்ல வாங்கிக்கலாமே.”

“இப்ப வேணும்மா. மாத்திரை போடணும்.”

அவள் எழுந்து போனாள். வெளியே கடையில் வரிசை இருக்கும், போக வர பத்து நிமிடமாவது ஆகும், அதற்குள் இந்தக் காட்சி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார். இனி தெருவுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, அவளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

திரையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெருத்த மனிதர் கீழே விழுந்த காகிதத்தை எடுக்கக் குனிந்தார். பேண்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. அரங்கில் ஒருவர் சீட்டி அடித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், நிஜமான கூடத்தில், அந்தச் சத்தம் தையல்காரருக்கு மட்டும்தான் கேட்டது. அந்த மனிதர் கோப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டார். மகனுக்காக வந்தவர், இந்தக் கோலத்தில் அதிகாரிகள் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று கேட்காமல் கேட்டது அவர் முகம். நாலு கஜத் தொலைவில் ஒரு தையல் பிரிந்து கிடக்கும்போது தையல்காரரின் விரல் சும்மா இருக்காது. அப்போது நானூற்று எட்டாவது எண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓர் ஆளுக்கு ஏழு நிமிடம் ஆகிறது என்பதைக் காலையிலிருந்தே கவனித்து வைத்திருந்தார். தம்முடைய முறை வர எப்படியும் அரைமணி நேரம் இருந்தது. “வாங்க, பத்து நிமிஷ வேலை,” என்று அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நானூற்று ஒன்பது வரவில்லை. பத்தும் வரவில்லை, பதினொன்றும் வரவில்லை. அது அவர் கணக்கில் இல்லாத சமாச்சாரம். கழிப்பறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தார். மாடிவீட்டுத் தம்பி ஒருநாள் பேண்டைச் சுருக்கக் கொண்டுவந்தான். இடுப்பு அளவு எடுக்கும்போது எப்படியோ வாய் திறந்துவிட்டது. சொல்லச் சொல்ல அவன் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வர, கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனைப் பார்த்து இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் நகர்ந்த மாதிரிகூட இருந்தது. “வீட்ல யாருக்கும் தெரியாது தம்பி,” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

திரையில் கழிப்பறைக் கதவுக்கு அந்தப்பக்கம் பெருத்த மனிதர் குனிந்து நிற்க, அப்பா பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. “நானூத்திப் பன்னெண்டு.” அரங்கம் சிரித்தது. எண்ணைக்கூட அவன் மாற்றவில்லை. “நானூத்திப் பன்னெண்டு, ரெண்டாவது தடவை.” அப்பா நிதானமாக முடிச்சுப் போட்டார். “அய்யோ, சீக்கிரம் போடா,” என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

“உக்காரும்மா, மறைக்குது,” என்று இன்னொரு குரல்.

தையல்காரர் திரும்பினார். மகள் நடைவழியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். இடைவேளை வராததால் கடையில் ஆளே இல்லை. போன காலோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் கணக்கு இரண்டாவது முறையாகத் தப்பியது.

“நானூத்திப் பன்னெண்டு, மூணாவது தடவை.”

திரை வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறிக்கொண்டிருந்தது. பெருத்த மனிதர் கழிப்பறையிலிருந்து வெளியே வர, “நானூத்திப் பதிமூணு,” என்று அழைப்பு வந்தது. அவருடைய எண் அதுதான். பளிச்சென்ற பேண்டோடு மேசைக்கு ஓடி, மிச்சமிருந்த ஒரே இடத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவந்து, அப்பாவின் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “உங்க கை ராசியான கைங்க.” ஐந்தாவது வரிசை கைதட்டியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் மனைவியின் தோளில் விழுந்தாள். மனைவி சிரிக்கவில்லை. மனைவிக்கும் அந்த எண் மனப்பாடம்.

“உக்காரப் போறியா இல்லையாம்மா?”

அவள் வந்து உட்கார்ந்தாள். பாட்டிலை அவர் மடியில் வைத்தாள். மாத்திரை எங்கே என்று கேட்கவில்லை.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் மாடிவீட்டுத் தம்பி வேகமாக வந்தான். அன்றைக்குத்தான் அவன் பல்வரிசையை முதன்முதலாகத் தெரு பார்த்தது. நேராகத் தையல்காரரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“பாத்தீங்களாண்ணே? படத்துலயே பெரிய சிரிப்பு உங்க சீனுக்குத்தான். எல்லா ஊர் தியேட்டர்லயும் இதே சிரிப்புதானாம்.”

“நல்லா இருந்துச்சு தம்பி.”

“என்னது, உங்க சீனா?” என்று அக்கா கண்ணை அகலமாக்கினாள். அரை நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வரிசையின் அந்தக் கோடிவரை விளங்க இன்னொரு நிமிடம் ஆயிற்று. பேச்சு ஒவ்வோர் இருக்கையாக நகர்ந்து போனதையும், போன இடத்திலெல்லாம் சிரிப்பு அணைந்ததையும் தம்பி பார்த்தான். அவன் முகம் மாறியது. தையல்காரரின் காதருகே குனிந்தான்.

“வீட்ல யாருக்கும் தெரியாதுன்னுதானேண்ணே சொன்னீங்க. நான் உங்க வீட்ல ஒரு வார்த்தை சொல்லலையே.”

அது உண்மைதான். அவன் சொல்லவில்லை.

பாதிப் படம் பாக்கி இருந்தது. எழுந்து போனால் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும் என்று மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் அம்மைத் தழும்போடு ஓட்டப்பந்தயத்தில் ஓடி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேறு கல்லூரியில் சேர்ந்தான். விடுதி வந்தது, கேண்டீன் வந்தது, கடைசி பெஞ்சு வந்தது, பேராசிரியரின் நாற்காலியில் பசை தடவினார்கள், மரத்தடியில் பாட்டுப் பாடினார்கள். மகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், தேர்வுக்குப் படிப்பதைப்போல.

தெருவில் நடக்கும்போது அக்காகூட நாலு அடி பின்னாலேயே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் மனைவி கேட்டாள்.

“ஏங்க, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

அவர் குனிந்து மூவர் செருப்பையும் ஓரமாக அடுக்கிவைத்தார். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அந்த ஆளு நிஜமாவே அப்படிச் சொன்னாரா? ராசியான கைன்னு?”

“நன்றின்னு சொன்னாரு. ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்புறம் பாக்கல.”

“அதுதான் கடைசி சீட்டா?”

“ஆமாம்மா.”

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

“அப்போ, மாட்டுக் கேள்வி?”

“அதனால ஒண்ணும் இல்ல பாப்பா,” என்றார். அவர் குரல் அவருக்கே யாருடையதோபோலக் கேட்டது. “உன் நம்பர் போதுமாத்தான் இருந்துச்சு.”

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தார், அழுதால்கூடத் தேவலை என்று நினைத்தார். அவள் உள்ளே போய் மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து மடித்துவைத்தாள்.

காலையில் எட்டரை மணிக்கு அவள் கிளம்பியபோது அவர் வீட்டு முன்பக்கக் கடையின் பலகையைத் திறந்துகொண்டிருந்தார். சேர்க்கைக் காலம், நகல் கடையில் கூட்டம் சேருவதற்குள் போக வேண்டும். அவள் அவரைத் தாண்டிப் படி இறங்கும்போதுதான் பார்த்தார். வலது தோளுக்குப் பின்னால், கை சேர்கிற இடத்தில் தையல் விட்டிருந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். அவர் விரல் தானாகக் காலருக்குப் போயிற்று.

“பாப்பா, நில்லு. தோள்ல பிரிஞ்சிருக்கு. ஒரு நிமிஷ வேலை.”

அவள் நின்றாள். திரும்பி, நூல் தொங்கும் ஊசியையும் அதைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தாள்.

“இருக்கட்டும்ப்பா,” என்றாள். “நேரமாச்சு.”

மளிகைக்கடை வாசலில் அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, பார்க்காததுபோலப் பார்த்தாள். அவர் ஊசியைப் பிடித்தபடி நின்றார். மகள் தெருவில் வேகமாக நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பிரிந்த தையல் திறந்து மூடியது, திறந்து மூடியது. முனையில் திரும்பும்போது, அவர் கண்ணுக்கு, அது மூன்று அங்குலமாகியிருந்தது.