செமிகோலனுக்குப் பிறகு

நான் கோவக்காரன்தான். பாளையங்கோட்டையில இருபது வருசமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துதவன் கோவப்படலைன்னா பிள்ளைய எல்லாம் ஒத்த விரல்லதான் தட்டும். பூதலிங்கம் சார்னா முருகன்குறிச்சி வரைக்கும் பயம் உண்டு. ஆனா அந்தத் தொண்ணூத்தொம்பதுல, ஆவணி மாசம், எனக்கு வந்த குழப்பத்துக்கு முன்னால கோவமெல்லாம் ஒண்ணுமே இல்ல. மண்டை காஞ்சு போச்சு.

பாதி மெசினை வித்துட்டு நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு இன்டர்நெட் சென்டர் ஆக்கியிருந்தேன். இருந்தது ஒரே போன் லைன். அதை நாலுக்கும் பிரிச்சுக் குடுக்க ரவுட்டர்னு ஒரு டப்பா. வீட்டு உபயோகத்துக்குன்னு செய்தது, மலிவாக் கிடைச்சுது, வாங்கிட்டேன். போன் நம்பர் எல்லாம் அதுல ஏத்தி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியாச்சு. அந்தப் பாஸ்வேர்டு எனக்கும் ப்ரியாவுக்கும்தான் தெரியும். ப்ரியா என்கிட்டயே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு, அங்கயே வேலைக்கு இருந்த பிள்ளை.

ஒரே வாரத்துல நாலு தடவை டப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. ஏத்தி வச்சதெல்லாம் அழிஞ்சு, வாங்கினப்ப இருந்த மாதிரி வெறுமையா நிக்கும். பூட்டைத் திறக்காம உள்ள இருக்கது எப்படி அழியும்? "நான் தொடவே இல்ல சார்"ங்கா ப்ரியா. நானும் தொடல. அப்ப என்ன, பேயா வந்து அழிக்குது?

அந்த நேரம் பாத்து அவளுக்குத் தூத்துக்குடியில ஒரு கம்பெனியில வேலை அமைஞ்சுது. வேலை பாத்த இடத்துல இருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிட்டுத் திங்கட்கிழமை வரணும்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம். வெள்ளிக்கிழமை என்கிட்ட வந்து கேட்டா. அன்னைக்குக் காலையிலயும் டப்பா அழிஞ்சு கெடந்தது. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்!

"போற இடத்துலயும் இப்படித்தான் அழிப்பியா? உனக்கு நன்னடத்தை ஒரு கேடா?" சென்டர்ல உக்காந்திருந்த அத்தனை பேர் முன்னாலயும் கத்திட்டேன்.

"சார், இது அழியுத அன்னைக்கெல்லாம்..."

"வாயை மூடு."

பேக்கை எடுத்துட்டுப் போயிட்டா. சனியன் தொலைஞ்சுதுன்னு இருந்தேன். சனிக்கிழமை காலையில டப்பா திரும்பவும் அழிஞ்சுது.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவதான் இல்லையே! டப்பா வித்த நாகர்கோவில் கடைக்குப் போனைப் போட்டேன். சத்தியநேசன்னு ஒரு ஆளு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட வந்தான்.

"அண்ணாச்சி, காலையில வந்ததும் என்ன செய்வியளோ, அதை அப்படியே செய்யுங்க."

உக்காந்தேன். கம்ப்யூட்டர்ல தெரியுத டப்பாவோட முதல் பக்கத்துலயே லைன் ஓடுதான்னு சோதிக்க ஒரு கட்டம் உண்டு. ஏதாவது முகவரியை அதுல அடிச்சா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும். அதுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. அந்தக் கட்டத்துல அடிச்சேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. டைப்ரைட்டிங் படிச்ச எவனுக்கும் முதல் பாடம் அது. கீ எல்லாம் ஒழுங்கா விழுதான்னு பாக்க விரல் தானா அடிச்சிரும். அடிச்சேங்கிறதே எனக்குத் தெரியாது.

டப்பாவுல விளக்கு அணைஞ்சு எரிஞ்சுது. உள்ள ஒண்ணும் இல்ல.

சத்தியநேசன் தலையில கை வச்சுக்கிட்டான். "செமிகோலனுக்கு முந்தி இருக்கதுதான் முகவரி. பிறகு எது வந்தாலும் இந்தச் சவம் தனக்கு இட்ட உத்தரவுன்னு எடுத்துக்கிடுது. பாஸ்வேர்டு கேக்கதே இல்ல. எல் கே ஜேன்னு உத்தரவு எதுவும் கிடையாதுல்லா, அதான் முழிபிதுங்கி விழுந்து, எல்லாத்தையும் மறந்துட்டு எந்திரிக்குது. செய்தவன் வாசலைப் பூட்டிட்டுச் சன்னலைத் திறந்து போட்டிருக்கான். விவரம் தெரிஞ்சவன் கண்ணுல பட்டிருந்தா உங்க லைனையே தூக்கிட்டுப் போயிருப்பான்."

எனக்கு ஒண்ணும் விளங்கல. "அப்ப ப்ரியா?"ன்னு கேட்டேன்.

"எந்த ப்ரியா?"ன்னான்.

அதுக்குப் பிறகுதான் உறைச்சுது. டப்பா அழிஞ்ச அன்னைக்கெல்லாம் காலையில முதல்ல உக்காந்தது நான். அவ சொல்ல வந்தது அதைத்தான். வெக்கமாப் போச்சு.

சான்றிதழை அடிச்சு எடுத்துக்கிட்டுச் சைக்கிள்ல சிந்துபூந்துறையில இருக்க ப்ரியா வீட்டுக்கு ஓடினேன். அவ அம்மா பாலம்மாள் கதவைத் திறந்தா. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. ப்ரியா வாங்கி நின்னுக்கிட்டே படிச்சா.

"நல்ல பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க. அழிச்சது யாருன்னு எழுதலையே சார்?"

"சான்றிதழ்ல அதெல்லாம் எதுக்கும்மா?"

"வெள்ளிக்கிழமை அங்க உக்காந்திருந்ததுல ஒருத்தர் அந்தக் கம்பெனி மேனேஜரோட மச்சினன் சார்."

பேனாவை எடுத்தேன். 'கருவியில் இருந்தவற்றை அழித்தது இவர் அல்ல. ஒவ்வொரு முறையும் அழித்தது நான்' அப்படின்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாலம்மாள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தா. "சீல் வைக்கலையே?"

"சீல் கடையில இருக்கும்மா."

"எம்பிள்ளையை அத்தனை பேர் முன்னால பேசினப்ப சீல் எதுவும் தேவைப்படலையோ?"

மத்தியான வெயில்ல சைக்கிளைத் திருப்பிப் பாளையங்கோட்டைக்கு மிதிச்சேன், சீலை எடுத்துட்டு வர.