வெள்ளை விழாத விரிசல்

ஏழு அடுக்காக நின்றிருந்த பிளாஸ்டிக் கிரேட்கள் சரிவதற்கு முன் முனகவில்லை, சாயவில்லை, எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கண்ணாடி டம்ளர் விரிகிற மாதிரி ஒரு ‘டக்’. அவ்வளவுதான். அடுத்த நொடி உறைந்த மீன் மலையாக இறங்கி, கீழே நின்றிருந்த ரேடியோவின் வலது காலை நசுக்கியது.

ரேடியோ என்பது ஒரு மனிதர். குளிர் கிடங்கில் சுமை தூக்குகிறவர். மைனஸ் இருபது டிகிரியில் வாய் உறைந்துவிடக்கூடாது என்று ஓயாமல் பேசுவார், இடையிடையே பாடுவார். அன்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் கொக்கு. ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தில் பாதி கழுத்துதானோ என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். வண்டியிலிருந்து குதித்து, பெட்டிகளை வெறுங்கையால் விலக்கி ரேடியோவை வெளியே இழுத்துப் போட்டவனும் அவன்தான்.

மதியத்துக்குள் தீர்ப்பு தயார். வண்டியின் ஃபோர்க் அடுக்கில் இடித்தது. ஓட்டியவன் கவனக்குறைவு. கிடங்கு மேனேஜர் அவனிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். காலையில் கூட்டம். கிரேட் செய்து கொடுத்த ஃபாக்டரியின் முதலாளியும் வருகிறார். அதன் பிறகு போலீஸ்.

கொக்கு நேராக அந்த ஃபாக்டரிக்குத்தான் போனான். அங்கே தரம் சோதிக்கிற லேப்பைப் பார்த்துக்கொள்வது அவன் அக்கா. உற்பத்தியை நடத்துவது அக்காவின் கணவர்.

“இடிச்சியாடா?” என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

“தொடவே இல்லக்கா. நான் தள்ளித்தான் நின்னேன். சும்மா நின்ன அடுக்கு தானா போச்சு.”

“தானா எப்படிடா போகும்? கிரேட்டுக்கு என்ன மயக்கமா வந்துச்சு?”

“பேசு. மேனேஜர் பேசினது பத்தல, நீயும் பேசு.”

ஜாக்கெட் பைக்குள் கையை விட்டு, உள்ளங்கை அளவு நீலத் துண்டு ஒன்றை மேஜை மேல் வீசினான். உடைந்த கிரேட்டின் மூலை. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உடைந்த விளிம்பைக் கட்டை விரலால் தடவினாள். அவள் முகம் மாறியது.

“என்னக்கா?”

“வெள்ளை எங்க?”

“என்ன வெள்ளை?”

“உடையற எடத்துல வெளுக்கணும்டா. நீலம் நீலமாவே இருக்கு.”

குளிர் கிடங்குக்குப் போகிற கிரேட்டை அந்த ஃபாக்டரி ஒரே ஒரு வகைப் பிளாஸ்டிக்கில்தான் செய்யும். பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளைத் தனியாக விட்டால் அவை ஒழுங்காக மடிந்து, படிகம் படிகமாக அடுக்கிக்கொள்ளும். நல்ல விறைப்பு, நல்ல பளபளப்பு. ஹோமோ என்பார்கள். சாதாரண அறையில் நாற்காலியாகப் போட்டு உட்காரலாம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதற்கு வீம்பு வந்துவிடும். வளையாது, நேரே உடையும். அதனால் அதே சங்கிலியோடு எத்திலீனையும் சேர்த்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் தூவிக் கிடக்கிற மாதிரி தயாரித்த கோபாலிமர்தான் அந்த ஒரே வகை. அடி விழுந்தால் அந்த உருண்டைகள் வாங்கிக்கொள்ளும். வாங்கிய இடம் வெளுத்துப்போகும். வெள்ளை விழாமல் உடைந்திருக்கிறது என்றால் வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை.

அவள் அவசரப்படவில்லை. முதல் சந்தேகம், செலவைக் குறைக்கப் பிளாஸ்டிக்கில் கலக்கிற சுண்ணாம்புப் பொடி மேல். துண்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டாள். பொடியை அள்ளிப் போட்டிருந்தால் மூழ்கும். மிதந்தது. ஒரு சீவலை இரும்புக் கரண்டியில் வைத்து எரித்தாள். மெழுகு வாசனை வந்தது; கரண்டியில் சாம்பல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

“அப்ப யாரும் எதையும் கலக்கலையா?”

“கலக்கலடா. இருக்க வேண்டியது இல்ல.”

“புரியற மாதிரி சொல்லுக்கா. காலைல என்னை போலீஸ் கூட்டிட்டுப் போகப் போறான்.”

“நீ வெளிய டீ குடிச்சிட்டு இரு. நான் உங்க மாமாவைப் பாத்துட்டு வரேன்.”

மாமா மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் ஸ்டாப்வாட்ச். அச்சு மூடியது, உருகின பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்தது, அச்சு திறந்தது, புது கிரேட் ஒன்று சூடாக வெளியே வந்தது. அவர் வாட்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். இந்த மாதம் அவருக்கு நல்ல மாதம். ஷிஃப்ட் ஒன்றுக்கு முன்னைவிடக் கூடுதல் கிரேட் வருகிறது என்று முதலாளி எல்லார் எதிரிலும் பாராட்டியிருந்தார்.

“ஹாப்பர்ல என்ன போகுது?” என்றாள் அக்கா, மெஷின் மேல் பிளாஸ்டிக் கொட்டுகிற புனலைக் காட்டி.

“பிளாஸ்டிக்.”

“நக்கல் வேணாங்க. கோபாலிமரா, ஹோமோவா?”

அவர் மெஷின்காரரைப் பார்த்தார். மெஷின்காரர் ரொம்ப அவசரமாக எண்ணெய் போட வேறு பக்கம் போனார்.

“கோபாலிமர் லோடு வரல,” என்றார் மாமா. “மெஷினை நிறுத்தினா முதலாளி என்னை நிறுத்துவார். குடோன்ல ஹோமோ கிடந்துச்சு. படிகம் சீக்கிரம் பிடிக்கறதுக்குன்னு ஒரு பொடி விக்குது, அதுல ஒரு சிட்டிகை சேத்தேன். படிகம் பொடிப்பொடியா, நெருக்கமா வருது. அச்சுக்குள்ள சீக்கிரம் இறுகுது. கிரேட் எப்படி நிக்குது பாரு, கல்லு மாதிரி!”

“கல்லு மாதிரிதான் உடைஞ்சிருக்கு. ஒரு மனுஷன் கால் போயிருக்கு. அந்தப் பழியை என் தம்பி தலையில கட்டுறாங்க.”

“லோடு வந்ததும் மாத்தலாம்னுதான் இருந்தேன்.”

“வந்துச்சா?”

“வந்துச்சு.”

“மாத்தினீங்களா?”

அவர் ஸ்டாப்வாட்சை மறுபடி அழுத்தினார். மாற்றியிருந்தால் வேகம் குறைந்திருக்கும். பாராட்டும் குறைந்திருக்கும். அவளுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“காலைல கூட்டத்துல இதைச் சொல்லுங்க.”

மாமா ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியது.

“சொல்றேன். முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? ஒவ்வொரு கிரேட்லயும் லேப் பாஸ்னு பச்சை ஸ்டிக்கர் இருக்கே, அதை ஒட்டினது யாரு?”

அவள் பார்வை சூடாக வெளியே வந்த கிரேட்டுக்குப் போனது.

ஒட்டினது அவள்தான். அடித்துப் பார்த்து, உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஒட்டினாள். உடையவே இல்லை. எப்படி?

எப்படி என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. முறைப்படி, அச்சிலிருந்து வந்த கிரேட்டை ரெண்டு நாள் சும்மா வைக்க வேண்டும். பார்க்க இறுகிவிட்டாலும் உள்ளே சங்கிலிகள் இன்னும் இடம் தேடிக்கொண்டே இருக்கும். படிகம் கூடிக்கொண்டே போகும். போகப்போகத்தான் அதன் உண்மையான குணம் தெரியும். அதன் பிறகு ஃப்ரீஸரில் வைத்து, குளிரக் குளிர எடுத்துப் போட வேண்டும். ஆனால் கேட்டில் லாரி நிற்கும். டிரைவர் ஹார்ன் அடிப்பார். அதனால் இந்த ஃபாக்டரியில் ஒரு பழக்கம்: மெஷினிலிருந்து கிரேட்டை வெதுவெதுப்பாக அப்படியே தூக்கி வந்து லேப் தரையில் போட்டுப் பார்ப்பது. கோபாலிமர் காலத்தில் அதனால் ஒரு குடியும் முழுகவில்லை. சூட்டில் போட்டாலும் தாங்கும், குளிரில் போட்டாலும் தாங்கும். லேப் ஃப்ரீஸர் நாளடைவில் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் வீடாகிவிட்டது. சூடான ஹோமோவும் அதே தரையில் ஜோராகக் குதித்தது. அவள் ஸ்டிக்கர் ஒட்டினாள்.

“மச்சான் மேல எனக்கும் பாசம் இருக்கு,” என்றார் மாமா. “ஃபோர்க் பட்டுச்சுன்னே இருக்கட்டும். லைசன்ஸ் போகும், கொஞ்ச நாள் அலைவான். இங்கயே ஒரு வேலை போட்டுத் தரேன். நீ வாயைத் திறந்தா முதல்ல உருளுறது உன் தலை. யோசிச்சுக்கோ.”

“யோசிச்சிட்டேங்க.”

“என்ன?”

“காலைல பாருங்க.”

காலையில் கிடங்கு அலுவலகத்தில் ஐந்து பேர். மேனேஜர், முதலாளி, மாமா, கொக்கு, அக்கா. கொக்கு உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை.

“சார், எங்க கிரேட் இந்த ஊர்லயே நம்பர் ஒன்,” என்று ஆரம்பித்தார் முதலாளி. “மனுஷன் இடிச்சா மலையே உடையும்.”

“அதான் நானும் சொல்றேன்,” என்றார் மேனேஜர். ரெண்டு பேருக்கும் முதல் சந்திப்பிலேயே அப்படி ஓர் ஒற்றுமை.

“ரெண்டு கிரேட் குளிர் ரூமுக்குள்ள வெச்சிருக்கேன் சார்,” என்றாள் அக்கா. “போன வருஷத்தது ஒண்ணு. இந்த மாசம் வந்ததுல ஒண்ணு. நான் சீக்கிரமே வந்து வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சேன். நீங்க எல்லாம் சூடா பேசிட்டு இருந்த நேரத்துல அது ரெண்டும் நல்லா குளிர்ந்திருக்கும். அஞ்சு நிமிஷம் வாங்க.”

“இது என்ன வித்தை?” என்றார் மேனேஜர். ஆனாலும் எழுந்தார்.

கனத்த பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். மூச்சு புகையாக வந்தது. அக்கா பழைய கிரேட்டைத் தலைக்கு மேல் தூக்கி, மூலை கீழே படும்படி விட்டாள். ‘தொப்’. உருண்டது. மூலையில் நகம் அளவு வெள்ளை. உடையவில்லை.

புதிய கிரேட்டைத் தூக்கினாள். பளபளவென்று இருந்தது. விட்டாள்.

‘டக்.’

கொக்கு ஒரு அடி பின்னால் போனான். அதே சத்தம். துண்டுகள் முதலாளியின் பூட்ஸ் வரை சிதறின. எதிலும் வெள்ளை இல்லை.

“இதை யாரும் இடிக்கல சார்,” என்றாள் அக்கா. “கீழ் அடுக்குல பாரம் ஏறி ஏறி ஒரு மூலை போயிருக்கு. என் தம்பி வண்டி தொட்டிருக்க வேண்டியதே இல்ல.”

முதலாளி மாமாவின் பக்கம் திரும்பினார். “என்னய்யா இது?”

மாமா அழகாகத் தலையைக் குனிந்துகொண்டார். “மெட்டீரியல் மாத்தினது நான்தான் சார். ஓட்டத்தை நிறுத்தக்கூடாதுன்னு பண்ணினேன். ஆனா லேப் பாஸ் பண்ணாம ஒரு கிரேட்கூட கேட்டைத் தாண்டாது. லேப் பாஸ் பண்ணுச்சு.”

“ஆமா சார். நான்தான்,” என்றாள். “வெதுவெதுப்பா இருக்கும்போதே போட்டுப் பாத்து ஒட்டிட்டேன். ஆற விடல, குளிர வைக்கல.”

கொக்கு அவளைப் பார்த்தான். நேற்று முழுக்க அவள் இதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

முதலாளிக்கு முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. “நீங்க நாளையிலேர்ந்து வர வேணாம்மா. தப்பா நினைக்காதீங்க, யாராவது ஒருத்தர் போயாகணும்.” மாமாவிடம், “நீ கோபாலிமருக்கு மாத்திடு. வேகத்தை மட்டும் குறைக்காதே,” என்றார்.

மேனேஜருக்கும் அவசரம். சாவியை எடுத்துக் கொக்கின் கையில் வைத்தார். “உன் மேல தப்பில்லப்பா. முடிஞ்சுது. இப்ப போய் மிச்ச அடுக்கையெல்லாம் இறக்கிடு.”

அக்கா குறுக்கே வந்தாள். “சார், வேணாம்! மிச்சமும் இதே கிரேட்தான். இந்தக் குளிர்ல அசைச்சா எது எப்ப போகும்னு சொல்ல முடியாது. குளிரை நிறுத்துங்க. அறை சூடாகட்டும், பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும். அப்புறம் இறக்கலாம்.”

“மீனு?”

“மீனு போனா போகட்டும் சார்!”

“நல்லா சொன்னீங்கம்மா. உங்க வேலை போயிடுச்சு, இனி யார் மீனு போனா உங்களுக்கென்ன?” மேனேஜர் சிரித்தார். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். “தம்பி, முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆள் பாத்துக்கறேன்.”

கொக்கு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தான்.

“போகாதடா. இல்ல, நானும் உள்ள வரேன். எந்த அடுக்கை முதல்ல எடுக்கணும்னு விரிசலைப் பாத்துச் சொல்றேன்.”

“வேணாம்.”

“சொன்னா கேளுடா.”

“கேட்டேனே,” என்றான். குரலை உயர்த்தவில்லை. “பச்சை ஸ்டிக்கர் இருக்கு, எங்க அக்கா ஒட்டினது, பயப்படாம நில்லுங்கன்னு ரேடியோவை அங்க நிக்க வெச்சதே நான்தான்.”

திரை அவனுக்குப் பின்னால் ஆடி அடங்கியது.

அவள் முற்றத்தில் நின்றாள். மாமா பைக்கைக் கிளப்பி, ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தார். “ஏறு. வீட்டுக்குப் போய் ஆத்திரம் தீர திட்டிக்கோ. இங்க நின்னு என்ன ஆகப் போகுது?”

“நீங்க போங்க.”

“நான் உன்னைக் காட்டிக் கொடுக்கல. நடந்ததைச் சொன்னேன்.”

“நானும் அதேதான் பண்ணினேன். போங்க.”

பைக் போய்விட்டது. உள்ளே வண்டி பின்னால் வருகிற ‘பீப் பீப்’ மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்டது. அது நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது. ஒருமுறை ‘டக்’ என்ற சத்தம் வந்தது. கதவு வரை ஓடிவிட்டாள். மறுபடி ‘பீப் பீப்’ ஆரம்பித்த பிறகுதான் கைப்பிடியை விட்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் சத்தம் முழுக்க அடங்கியது. வாட்ச்மேன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எல்லாம் இறக்கியாச்சும்மா. ரெண்டு கிரேட் பொளந்துச்சாம். ஆளுக்கு ஒண்ணும் இல்ல.”

“தம்பி எங்க?”

“பின்பக்க கேட் வழியா போயிட்டாரே. ரேடியோவைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு.”

“நான் இங்க நிக்கிறது அவனுக்குத் தெரியாது போல.”

வாட்ச்மேன் கையைத் துடைப்பதை நிறுத்தினார். “அவர்கிட்ட நான் சொன்னேம்மா,” என்றார்.