நாகஜோதிக்கு ஆகாதவை

கண்ணம்மாள் அடுப்படியில் நின்று சாமை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். மூத்த மருமகள் நாகஜோதி இட்லி மாவுச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் அடுப்பு எப்போது காலியாகும் என்று பின்னால் நின்றாள். கல்யாணமாகி வந்த மறுநாளே ‘இனிமே இது உன் பாடு’ என்று கரண்டியைக் கொடுத்துவிட்டு வெளியேறிய மாமியார் இத்தனை வருஷம் கழித்து அடுப்படிக்குள் திரும்பி வந்திருக்கிறாள். வந்தது நாகஜோதிக்காக அல்ல, இளைய மகன் மோகன்குமாரின் பெண்டாட்டி தீபாவுக்காக.

“தீபா, செத்த நேரம் பொறு ஆத்தா. ஆறட்டும். சூடா முழுங்கிட்டு ஓடாத.”

அந்த ‘ஆத்தா’வில் இருந்த குழைவு நாகஜோதிக்கு அப்படியே நெஞ்சில் ஏறியது. இந்தக் கிழவிக்கு இப்படியும் பேச வருமா என்று நினைத்துக்கொண்டாள்.

தீபா திண்டுக்கல்லில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறவள். செம்பட்டி ரோட்டில் இருக்கும் இந்த வீட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவாள். கொஞ்ச நாளாக வயிறு உப்புகிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் ஷாஹினா ஏதோ ஒரு கம்பெனியைப் போனில் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கே கவர் வருமாம். தலைமுடியில் நாலு இழை வெட்டி அதில் போட்டு அனுப்பினால் போதும், ரத்தமும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், எந்தச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று முடியே சொல்லிவிடுமாம். சொல்லியும் விட்டது. கோதுமை, பால், உளுந்து, தக்காளி, கத்திரிக்காய். உளுந்து போனதோடு இட்லி, தோசை போனது. தக்காளி போனதோடு நாகஜோதி வைக்கிற குழம்பு, ரசம் எல்லாம் போனது.

“ஆளுக்கு ஒன்னுன்னு தனித்தனியா ஆக்க என்னால ஏலாது” என்று நாகஜோதி அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதோடு தீபா அடங்கிவிடுவாள் என்று கணக்கு. ஆனால் வெளியே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கண்ணம்மாள், “விடு, நான் ஆக்கிக் குடுத்துக்கிறேன்” என்று எழுந்து வந்துவிட்டாள். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நாகஜோதி அதற்கப்புறம் எத்தனையோ தடவை தன்னைத் திட்டிக்கொண்டாள்.

டைபாய்டில் கிடந்தபோதுகூடத் தன் கஞ்சியைத் தானே வைத்துக் குடித்தவள் அவள். ரெண்டு பிள்ளை பெற்றவள். இந்த வீட்டில் யாருக்கு உப்பு தூக்கல், யாருக்குக் காரம் ஆகாது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இதைப் புருஷன் ஈஸ்வரனிடம் சொன்னால், “ஒரு கரண்டி உப்புமாவுக்கா இம்புட்டு?” என்று சிரித்துவிட்டுத் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான். உப்புமாவா விஷயம்? ஆம்பிளைக்கு அது எங்கே புரியும்?

ஒரு வளைகாப்பு விருந்தில் தீபா பால் பாயசம் ரெண்டு டம்ளர் குடித்தாள். ஒரு நாள்தானே அக்கா என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு நாகஜோதி அவள் வயிற்று வலிக்காக ஆசையோடு காத்திருந்தாள். வலி வரவில்லை. தீபா நன்றாகத் தூங்கினாள். தூக்கம் கெட்டது நாகஜோதிக்குத்தான்.

அதற்கப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. தனக்கும் ஒரு லிஸ்ட் வந்தால் என்ன? தீபாவுக்கு ஒரு நியாயம், மூத்தவளுக்கு ஒரு நியாயமா? அப்போது அந்தக் கிழவி என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பிரிஸ்கில்லாவின் விலாசத்துக்கே கவரை வரவழைத்தாள். கவர் வந்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள். ஈஸ்வரன் பைக்கில் விழுந்து பிழைத்ததற்காக அவள் பழனியில் போட்டுக்கொண்ட மொட்டை இன்னும் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. வெட்டி அனுப்ப முடி வேண்டுமே. அப்போதுதான் பீரோவுக்குள் இருந்த சவுரி நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்றபோது கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடியைப் பையில் சேர்த்து வைத்திருந்தாள். தீபா கல்யாணத்துக்கு முந்தி, மாமியார்தான் அதைச் சின்னாளப்பட்டியில் சவுரி கட்டுகிற ஆளிடம் கொடுத்துப் பின்னி வாங்கி வந்தாள். தலையில் இருந்தால் என்ன, பீரோவில் இருந்தால் என்ன, தன் முடி தன் முடிதானே. நாலு இழை உருவி, கவரில் போட்டு, பசை தடவி ஒட்டினாள்.

லிஸ்ட் போனில் வந்தது. தீபாவுடையதைவிட நீளம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதில் முதல் சந்தோஷம். மொச்சை, கடலை, தேங்காய், மீன், பால், கொய்யா. ஆயக்குடிக் கொய்யாவைச் சீசனில் கூடைக்கணக்கில் தின்று ஒரு ஏப்பம்கூட விடாதவள், படித்து முடித்த கையோடு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். லேசாக உப்பியிருப்பது மாதிரித்தான் இருந்தது.

மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாமியாரிடம் போய் உட்கார்ந்தாள்.

“அத்தை, எனக்கும் டெஸ்ட் எடுத்தேன். வந்திருக்கு.”

“உனக்கு என்ன நோவு?”

“படிக்கிறேன், கேளுங்க.” படித்தாள். கண்ணம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு மருமகளின் தலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மொட்டைத் தலையில எந்த முடிய ஆத்தா அனுப்புன?”

“சவுரில இருந்து. என் முடிதானே அத்தை அது.”

 கண்ணம்மாளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாள் என்று நாகஜோதிக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

“உன் முடி ஒரு பிடிதான் இருந்துச்சு. எலி வாலுக்குக்கூடக் காணாதுன்னான் அந்தாளு. எங்கிட்ட ஒரு பை கெடந்துச்சு. எளவட்டத்துல சேத்தது. மக பொறந்தா சடை பின்ன ஆகும்னு வச்சிருந்தேன். பொறந்தது ரெண்டும் பயலுக. அதத்தான் போட்டுக் கட்டச் சொன்னேன். முக்காவாசி என்னோடது.”

“அப்போ இந்த லிஸ்ட்டு?”

“எனக்குக் கொய்யா ஆகாதாம். மீனு ஆகாதாம். இத்தன வருசமா யாரு தின்னது?”

நாகஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கென்று வைத்திருந்த முடியை மருமகளின் சவுரிக்குக் கொடுத்துவிட்டு, இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அது இனித்தது. இனித்த மறுகணமே பழைய எரிச்சலும் சேர்ந்து வந்தது.

“அப்போ தீபா லிஸ்ட்டும் பொய்தானே. சொல்லிருங்க அவகிட்ட. உளுந்து திங்கச் சொல்லுங்க. மெய்யாவே வகுறு வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.”

“சொல்லத்தான் வேணும். ஆனா பொய்யோ மெய்யோ, அவ எங்கிட்ட வந்து அழுதா, ஆக்கிக் குடுத்தேன். நீ காய்ச்சலோட நின்னு ஆக்குன. கரண்டிய வாங்க வந்தா ‘விடுங்கத்தை’ன்னு மூஞ்சியத் திருப்புன. அழுதிருக்கியா நீ?”

“அழுதாத்தான் குடுப்பீங்களா?”

கேட்டுவிட்டாள்.   கண்ணம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது.

“என்ன வேணும், சொல்லு.”

நாகஜோதி வாயைத் திறந்தாள். ஈஸ்வரனுக்குப் பிடித்தது வந்தது, பிள்ளைகளுக்குப் பிடித்தது வந்தது, மாமியாருக்கும் மோகன்குமாருக்கும் பிடித்ததெல்லாம் வரிசையாக வந்தது. தனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் வரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, “மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு” என்றாள். அதுதானா என்பது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மொச்சை வேக நேரம் பிடித்தது. சோறும் குழம்பும் தட்டில் விழும்போது வெயில் தாழ்ந்திருந்தது. உப்பு கொஞ்சம் கம்மி. நாகஜோதி அதைச் சொல்லாமல் பிசைந்து சாப்பிட்டாள். மாமியார் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. “அத்தை” என்று தீபாவின் குரல் கேட்டது. “பசிக்குது அத்தை.”

கண்ணம்மாள் தரையில் கை ஊன்றினாள். நாகஜோதியின் இடது கை மாமியாரின் முந்தானை நுனியைப் பிடித்தது.

“இருங்கத்தை. நான் சாப்ட்டு முடிச்சிக்கிறேன்.”

“பிள்ளை பசிக்குதுங்குது.”

“நானும் சாப்டுறேன்ல.”

தீபா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கண்ணம்மாள் வாசலைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். மருமகள் இன்னொரு உருண்டை உருட்டி வாயில் வைத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்றாள். முந்தானையை விடவில்லை.